எதிர்த்துப் பேசும் மகளும் எதுவும் கேட்காத மகனும்

கேள்வி:

ஈரோடு பக்கம் ஒரு சிற்றூரில் இருக்கிறோம். கணவர் ஜவுளிக் கடை வைத்திருக்கிறார். நான் வீட்டோடு கடைக் கணக்கையும் பார்த்துக்கொள்கிறேன். மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். பத்தாம் வகுப்பு வரை சொன்ன சொல் தட்டாத பெண். ஆறு வயதிலிருந்து பரதம் கற்றாள். அரங்கேற்றத்துக்கு நாள் பார்க்கலாம் என்று டீச்சர் சொன்ன மாதமே, இனி வகுப்புக்குப் போக மாட்டேன் என்று நிறுத்திவிட்டாள். இடுப்பு வரை இருந்த முடியைத் தோள் அளவுக்கு வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். டாக்டராக்க வேண்டும் என்று பயாலஜி குரூப்பில் சேர்த்தோம். இரண்டு மாதத்தில் இது எனக்கு வேண்டாம் என்றாள். வேறு என்னதான் வேண்டும் என்று கேட்டால் முதலில் சட்டம் என்றாள், பிறகு புகைப்படக் கலை என்றாள், இப்போது சமூகவியல் என்கிறாள். பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறாள், மார்க் கொஞ்சம் குறைந்திருக்கிறது. வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருவதில்லை. கேட்டால், சாமி உண்டா இல்லையா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை என்கிறாள். தோழிகளோடு போனில் பேசும்போது வேறு யாரோ பேசுவது போல இருக்கிறது. பயந்துபோய் அவள் டைரியை எடுத்துப் படித்தேன். 'நான் யார் என்று எனக்கே தெரியவில்லை. வீட்டில் இருக்கிறவள் நான் இல்லை' என்று எழுதியிருந்தாள். நான் படித்தது அவளுக்குத் தெரியாது. அவள் அப்பா இரண்டு வாரமாக அவளிடம் பேசுவதில்லை. போனைப் பிடுங்கி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் என் நாத்தனார்.

இவளுக்கு ஓர் அண்ணன், 22 வயது. நாங்கள் சொன்ன குரூப், சொன்ன கல்லூரி, சொன்ன பிரிவு என்று இன்ஜினியரிங் முடித்தான். கேம்பஸ் தேர்வில் வேலை கிடைக்கவில்லை. ஆறு மாதமாக வீட்டில்தான் இருக்கிறான். ஆனாலும் ஒரு தொல்லை கிடையாது. என்ன சமைக்கட்டும் என்று கேட்டால்கூட 'எதுவானாலும் சரி' என்பான். அவனைப் பெற்ற வயிற்றில்தானே இவளும் பிறந்தாள்? இவள் கெட்டுப்போகிறாளா? இது மனநோயா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கேட்ட கேள்விக்கு முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் உங்கள் மகள் கெட்டுப்போகவில்லை. மனநோய்க்கான அடையாளமும் எனக்குத் தென்படவில்லை. பள்ளிக்குப் போகிறாள், தோழிகளோடு பேசுகிறாள், தெரியாததைத் தெரியவில்லை என்று சொல்கிறாள், உங்களோடு வாதாடுகிறாள். உங்கள் கடிதத்தை வாசித்து முடித்தபோது எனக்குக் கவலை வந்தது, கடைசியில் சில வரிகளில் நீங்கள் பெருமையோடு குறிப்பிட்டிருக்கும் மகனைப் பற்றித்தான். அவனிடம் பிறகு வருகிறேன். மகளிடம் நடப்பது என்னவென்று புரிந்தால்தான் மகனைப் பற்றி நான் சொல்வதும் புரியும்.

பதின்வயதில் உடல் மாறுவது நம் கண்ணுக்குத் தெரிகிறது. அதே வேகத்தில் யோசிக்கும் விதமும் மாறுவது தெரிவதில்லை. குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை ஆயுள் முழுக்க ஆராய்ந்த சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜான் பியாஜே, சுமார் 11, 12 வயதிலிருந்து ஒரு புதிய திறன் வருவதாகச் சொன்னார். கண்முன் இருப்பதை மட்டுமல்லாமல், இருந்திருக்கக்கூடியதையும் இனி இருக்கக்கூடியதையும் மனத்துக்குள் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கும் திறன் அது. எட்டு வயதுப் பெண் அம்மா போகிறாள் என்று கோயிலுக்குப் போவாள். 16 வயதுப் பெண்ணுக்கு, நான் வேறொரு வீட்டில் பிறந்திருந்தால் வேறொரு சாமியைத்தானே கும்பிட்டிருப்பேன் என்று தோன்றும். இதை யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. கெட்ட சகவாசமும் காரணமில்லை. கணக்கிலும் அறிவியலிலும் அவளை முன்னேற வைக்கிற அதே மூளைதான் இந்தக் கேள்வியையும் கேட்கிறது. 'இன்னும் தெரியவில்லை' என்று அவள் சொன்னதைக் கவனித்தீர்களா? இல்லை என்று அடித்துப் பேசவில்லை, உண்டு என்று உங்களைச் சமாதானப்படுத்தவும் இல்லை. நேர்மையான பதில் அது.

அந்தத் திறன் தன் பக்கம் திரும்பும்போதுதான் டைரியில் நீங்கள் படித்த வரி வருகிறது. அமெரிக்க உளவியலாளர் சூசன் ஹார்ட்டர், பள்ளி மாணவர்களிடம் அவர்கள் அப்பா அம்மாவிடம் எப்படி, நண்பர்களிடம் எப்படி, வகுப்பறையில் எப்படி என்று தனித்தனியே விவரிக்கச் சொல்லி ஆராய்ந்தவர். பதின்வயதின் தொடக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு இந்த முகங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுவது கண்ணிலேயே படுவதில்லை. நடுப் பதின்வயதில் அந்த முரண் தெரிய ஆரம்பிக்கிறது, உறுத்தவும் செய்கிறது. வீட்டில் அடக்கமாகவும் வெளியில் கலகலப்பாகவும் இருக்கிறோமே, இதில் எது நிஜம், எது நடிப்பு என்று பிள்ளை தவிக்கிறது. பெரியவர்களாகிய நமக்கு அந்தத் தவிப்பு இல்லை. கடையில் ஒருவிதமாகவும் சம்பந்தி வீட்டில் ஒருவிதமாகவும் இருப்பது நமக்குப் பழகிப்போயிற்று. இரண்டுமே நாம்தான் என்பது தெரியும். அவளுக்கு அது இன்னும் கைவரவில்லை. தோழிகளிடம் அவள் வேறு மாதிரிப் பேசுவதைக் கேட்டு நீங்கள் அதிர்ந்தீர்கள். உங்களுக்கு முன்பே அவள் அதிர்ந்திருக்கிறாள்.

இந்தத் தவிப்பை ஆராய்ச்சிக்குரிய பொருளாக்கியவர் எரிக் எரிக்சன். 1902இல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர். தாய் டென்மார்க் நாட்டு யூதப் பெண். தந்தை யார் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. வளர்ப்புத் தந்தையையே சொந்தத் தந்தை என்று நம்பிச் சிறுவயதில் வளர்ந்தார். பொன்னிற முடியும் நீலக் கண்ணுமாக இருந்த அவரை யூதப் பிள்ளைகள் அந்நியன் என்று கேலி செய்தார்கள். பள்ளியில் மற்றவர்கள் யூதன் என்று கேலி செய்தார்கள். டாக்டரான வளர்ப்புத் தந்தைக்கு மகனையும் டாக்டராக்கும் ஆசை இருந்தது. மகனோ பள்ளிப் படிப்பு முடிந்ததும் ஓவியம் வரைந்துகொண்டு ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சுற்றினார். 25 வயதில், வியன்னாவில் ஒரு சிறு பள்ளிக்கு ஆசிரியராகப் போன இடத்தில்தான் உளவியலுக்குள் வந்தார். 1939இல் அமெரிக்கக் குடிமகனானபோது எரிக்சன் என்ற பெயரைத் தானே சூட்டிக்கொண்டார். பதின்வயதின் தலையாய வேலையே 'நான் யார்' என்ற கேள்விக்கு விடை தேடுவதுதான் என்று அவர் எழுதியபோது, அதற்குப் பின்னால் இந்த வாழ்க்கை இருந்தது. அந்தத் தேடலுக்குச் சமூகம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுக்க வேண்டும் என்பதை அவர் திரும்பத் திரும்ப வலியுறுத்தினார். வேடங்களைப் போட்டுப் பார்க்கவும் கழற்றி வைக்கவும், அதற்காக ஆயுள் தண்டனை போல ஒரு முடிவில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கவும் ஓர் அவகாசம்.

அதே எரிக்சன்தான் பின்னாளில் அகமதாபாத் வந்து காந்தியின் இளமையை ஆராய்ந்தார். காந்தி தன் வரலாற்றில் எழுதியிருப்பதை நீங்களும் படித்திருக்கலாம். மேற்படிப்பு பற்றிப் பேச்சு வந்தபோது அவர் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டார். குடும்பம் சட்டம் என்று முடிவு செய்தது. 1888இல் லண்டன் போனார். போனதும் உயரமான தொப்பி, பாண்ட் தெருவில் தைத்த கோட்டு, நடன வகுப்பு, வயலின் வகுப்பு, மேடைப் பேச்சு வகுப்பு என்று ஆங்கிலக் கனவானாக மாறிப் பார்த்தார். அந்த மோகம் சுமார் மூன்று மாதம் இருந்தது என்று அவரே சொல்கிறார். பிறகு வயலினை விற்றுவிடச் சொன்னார். உங்கள் மகளின் சட்டம், புகைப்படம், சமூகவியல் பட்டியலைப் பார்த்ததும் எனக்கு அந்த அத்தியாயம்தான் நினைவுக்கு வந்தது. மாதத்துக்கு ஒன்றைச் சொல்கிறாளே என்று நீங்கள் வருந்துகிறீர்கள். மாற்றி மாற்றிச் சொல்வதுதான் தேடுகிறவர்களின் இயல்பு. ஒவ்வொன்றையும் சொல்லும்போது அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்க்கிறாள்.

எரிக்சன் சொன்னதை நேர்காணல் மூலம் சோதித்துப் பார்த்தவர் ஜேம்ஸ் மார்சியா. 1966இல் வெளியான அவருடைய ஆய்வு, இன்றைக்கும் எங்கள் துறையில் அடையாளம் பற்றிய பேச்சுக்கு அடித்தளம். கல்லூரி மாணவர்களிடம் தொழில், மதம், அரசியல் பற்றி இரண்டு விஷயங்களைக் கேட்டறிந்தார். பல வழிகளை யோசித்துப் பார்த்தாயா? ஒன்றில் உறுதியாக நிற்கிறாயா? தேடிப் பார்த்து ஒன்றில் நிற்கிறவர்கள் சிலர். இன்னும் தேடிக்கொண்டே இருப்பவர்கள் சிலர். உங்கள் மகள் இந்த இரண்டாம் நிலையில் இருக்கிறாள். வெளியிலிருந்து பார்க்க அலங்கோலமாகத் தெரியும், வீட்டில் சண்டை இருக்கும், உள்ளேயும் நிம்மதி இருக்காது. ஆனால் முதல் நிலைக்கு அநேகமாக இந்த வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது. மூன்றாவது வகை, தேடாமலே பெரியவர்கள் கொடுத்ததை அப்படியே எடுத்துக்கொண்டு உறுதியாக நிற்பவர்கள். நான்காவது வகையினருக்குத் தேடலும் இல்லை, பிடிப்பும் இல்லை. இவை நோயின் பெயர்கள் அல்ல என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஒருவரே படிப்பில் ஒரு நிலையிலும் மதத்தில் வேறொரு நிலையிலும் இருக்கலாம். இன்று இருக்கும் நிலை நாளை மாறலாம்.

நம் ஊரில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த சில வாரங்களுக்குள் குரூப் எடுத்தாக வேண்டும். தேட ஆரம்பிக்கவே இல்லாத 15 வயதுப் பிள்ளை, ஆயுளுக்கும் சேர்த்து முடிவு சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளை சொல்வதில்லை, நாம் சொல்கிறோம். உங்கள் மகள் பயாலஜி குரூப்பில் உட்கார்ந்த பிறகுதான் தன் விருப்பம் என்ன என்று யோசிக்கவே தொடங்கியிருக்கிறாள். அது அவள் குற்றமில்லை.

குரூப் விஷயத்தில் சண்டையைக் குறைக்கச் சில விவரங்கள் உதவும். ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு பிளஸ் டூவில் எந்தக் குரூப் படித்தவரும் போகலாம். சமூகவியலும் அப்படித்தான். புகைப்படக் கலையும் கற்றுத்தரும் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) படிப்புக்கும் எல்லாக் குரூப் மாணவர்களையும் எடுக்கிறார்கள். அதாவது, அவள் இதுவரை ஆசைப்பட்ட எதற்கும் பயாலஜி குரூப் குறுக்கே நிற்கவில்லை. மருத்துவம் போன்ற படிப்புகளுக்குத்தான் இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். இதை அவளிடம் நிதானமாகச் சொல்லுங்கள். 'இதையே படித்து முடி, ஆனால் நீட் எழுதியாக வேண்டும் என்ற நிபந்தனை இல்லை' என்று நீங்கள் சொன்னால், அவள் எதிர்ப்பில் பாதி அங்கேயே கரையக்கூடும். பல பிள்ளைகள் பாடத்தை வெறுப்பதில்லை, அந்தப் பாடத்தின் மறுமுனையில் தனக்காக எழுதிவைக்கப்பட்டிருக்கும் வாழ்க்கையைத்தான் வெறுக்கிறார்கள். அப்படியும் பாடமே சுமையாக இருக்கிறது, மார்க் தொடர்ந்து இறங்குகிறது என்றால், அவளையும் அழைத்துக்கொண்டு பள்ளியில் போய்ப் பேசுங்கள். ஆண்டின் நடுவில் மாற்றுவது பள்ளியின் அனுமதியையும், விட்டுப்போன பாடங்களை அவளால் எட்டிப் பிடிக்க முடியுமா என்பதையும் பொறுத்தது. அந்தக் கணக்கை அவளே போட்டுப் பார்க்கட்டும்.

பரதம் பற்றி எழுதும்போது உங்கள் கை நடுங்கியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பத்து ஆண்டு உழைப்பு, அலைச்சல், செலவு, உங்கள் கனவு. அரங்கேற்றத்துக்கு நாள் பார்க்கும் நேரத்தில் அவள் நிறுத்தியதைத் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. அதுவரை அது வகுப்பு. அரங்கேற்றம் என்பது ஊரையும் உறவையும் கூட்டி, இவள்தான் நான் என்று மேடையில் நின்று சொல்வது. ஆறு வயதில் அம்மா கைப்பிடித்துக் கொண்டுபோய் விட்ட ஒன்றை, 16 வயதில் என்னுடையது என்று உலகத்தின் முன் சொல்ல முடியுமா என்ற கேள்வி அவளுக்கு வந்திருக்கும். அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967இல் ஒன்றைச் சொன்னார். இந்த வயதில் எல்லோரும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதாக ஒரு கற்பனைக் கூட்டம் பிள்ளையின் மனத்துக்குள் உட்கார்ந்திருக்கும். அந்தக் கூட்டத்தோடு நிஜக் கூட்டமும் சேர்ந்தால் பயம் எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அவள் திரும்பவும் ஆடலாம், ஆடாமலும் போகலாம். சலங்கையை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். எப்போது போகப்போகிறாய் என்று கேட்கவும் கேட்காதீர்கள்.

இனி எதில் விட்டுக்கொடுப்பது, எதில் பிடித்து நிற்பது என்பதைப் பார்க்கலாம். பெற்றோருக்கும் பதின்வயதினருக்கும் நடக்கும் சண்டைகளை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் ஜூடித் ஸ்மெடானா, அவற்றில் பெரும்பாலானவை உடை, அறை, முடி, நேரம் போன்ற அன்றாட விஷயங்களைப் பற்றியவை என்று கண்டார். பெற்றோருக்கு அது மரபும் ஒழுங்கும் சார்ந்த விஷயமாகத் தெரிகிறது. பிள்ளைக்கு அது தன் சொந்த விஷயம். ஒரே முடியைப் பற்றித்தான் இருவரும் பேசுகிறார்கள், ஆனால் இருவரும் இரண்டு வேறு பொருளைப் பற்றிப் பேசுகிறார்கள். என் ஆலோசனை இது. முடி அவளுடையது. யாரோடு சிநேகம், அறையில் என்ன படம் மாட்டுவது, வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வருவதா வேண்டாமா, இவையும் அவளுடையவை. படிப்பு உங்கள் இருவருக்கும் பொது. பாதுகாப்பு முழுக்க உங்களுடையது, அதில் தயங்கவே தயங்காதீர்கள். ஆபத்தைக் கணக்கிட்டுத் தன்னை நிறுத்திக்கொள்ளும் மூளைப் பகுதி முழுமையாக முதிர 25 வயது நெருங்கிவிடுகிறது. கார்ட்னரும் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் வெளியிட்ட ஆய்வில், கார் ஓட்டும் கணினி விளையாட்டில் நண்பர்கள் அருகில் இருந்தபோது பதின்வயதினர் தனியாக ஆடியதைவிட அதிக ஆபத்தை விலைக்கு வாங்கினார்கள். பெரியவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. ஆகவே லைசென்ஸ் வயது வரும் முன் வண்டிச் சாவி கிடையாது, டியூஷன் முடிந்து இத்தனை மணிக்குள் வீடு, எங்கே போனாலும் யாரோடு என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். முடியில் நீங்கள் விட்டுக்கொடுத்திருந்தால், இங்கே நீங்கள் சொல்வதற்கு எடை இருக்கும்.

போனைப் பிடுங்க வேண்டாம். இரவு எல்லோருடைய போனும் ஹாலில் சார்ஜில் இருக்கட்டும், உங்களுடையதும் உங்கள் கணவருடையதும் சேர்த்து. அது போதும்.

டைரி விஷயத்தில் உங்களிடம் ஒளிக்காமல் பேசுகிறேன். நீங்கள் பயந்துபோய்ப் படித்தீர்கள், புரிகிறது. ஆனால் அந்த வீட்டில் அவள் வேடமில்லாமல் இருந்த ஒரே இடம் அதுதான். என்றாவது ஒருநாள், வாய் தவறி அதிலுள்ள ஒரு வரியை நீங்கள் சொல்லிவிடுவீர்கள். அன்றைக்கு அவள் இழப்பது டைரியை மட்டுமல்ல, உங்களையும். நீங்களே முந்திக்கொள்ளுங்கள். 'நீ ஒதுங்கிப் போகிறாயோ என்று பயந்து உன் டைரியைப் படித்துவிட்டேன். அது தப்பு. இனிமேல் தொட மாட்டேன்' என்று சொல்லுங்கள். அதற்குமேல் விளக்கமோ, அதில் எழுதியிருந்ததைப் பற்றிய விசாரணையோ அன்றைக்கு வேண்டாம். கத்துவாள், அழுவாள், சில நாள் முகம் கொடுக்க மாட்டாள். தாங்கிக்கொள்ளுங்கள்.

அவள் அப்பாவின் மௌனம் எனக்கு அவள் முடியைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது. தேடுகிற பிள்ளைக்கு எதிர்வாதம் செய்யும் தந்தையைத் தாங்க முடியும். முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தந்தையைத் தாங்க முடியாது. 1985இல் க்ரோட்டவன்ட், கூப்பர் என்ற இரு ஆய்வாளர்கள், குடும்பத்தோடு இரண்டு வாரச் சுற்றுலாவுக்குத் திட்டமிடுங்கள், பணத்துக்குக் கவலையில்லை என்று சொல்லி, அப்பா அம்மா பிள்ளைகள் பேசிக்கொள்வதைப் பதிவு செய்தார்கள். தங்கள் எதிர்காலத்தைப் பற்றி நன்றாகத் தேடிப் பார்க்கும் பிள்ளைகளின் வீடுகளில் இரண்டும் சேர்ந்திருந்தன. எனக்கு அது பிடிக்கவில்லை என்று சொல்ல முடிந்தது, சொன்ன பிறகும் நெருக்கம் குலையவில்லை. நம் வீடுகளில் பலவற்றில் நெருக்கத்துக்குக் குறைவில்லை. மாற்றுக் கருத்து சொன்னால் நெருக்கம் போய்விடும் என்ற பயம்தான் பிள்ளைகளை அடைக்கிறது. உங்கள் கணவரின் இரண்டு வார மௌனம் அந்தப் பயம் சரிதான் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

காந்தி 15 வயதில், ஒரு கடனை அடைக்க அண்ணனின் காப்பிலிருந்து கொஞ்சம் பொன்னை வெட்டி எடுத்தார். மனம் பொறுக்காமல் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி, நோயில் படுத்திருந்த தந்தையிடம் கொடுத்தார். தந்தை படித்தார், கண்ணீர் விட்டார், சீட்டைக் கிழித்துப் போட்டார். அடிக்கவில்லை, பேச்சை நிறுத்தவும் இல்லை. இதை உங்கள் கணவருக்குப் படித்துக் காட்டுங்கள். உங்கள் மகள் திருடவும் இல்லை, பொய் சொல்லவும் இல்லை. அவர் அவளிடம் படிப்பைப் பற்றிப் பேச வேண்டாம். தன் 16 வயதில் தனக்கு என்ன ஆசை இருந்தது, கடைக்கு எப்படி வந்தார் என்று சொல்லட்டும். பல அப்பாக்கள் இதைப் பிள்ளைகளிடம் சொன்னதே இல்லை. உறவுக்காரர்கள் கல்யாண வீட்டில் முடியைப் பற்றிக் கேட்டால், 'எனக்குப் பிடித்திருக்கிறது' என்று அவளுக்குக் கேட்கும்படி நீங்கள் சொல்லுங்கள்.

எப்போது பயப்பட வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நேரம் சோர்ந்தே இருப்பது, தோழிகளையும் விட்டு ஒதுங்குவது, தூக்கமும் சாப்பாடும் தலைகீழாவது, பள்ளிக்குப் போக மறுப்பது, கையில் வெட்டுக் காயங்கள், செத்துப்போகலாம் போலிருக்கிறது என்ற பேச்சு. இவற்றில் எது தெரிந்தாலும் 'சும்மா பயமுறுத்துகிறாள்' என்று தள்ளிவிடாமல் உடனே மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம்.

இப்போது உங்கள் மகன்.

நான்கு நிலைகளில் மூன்றாவதைச் சொன்னேன் அல்லவா? தேடாமலே ஏற்றுக்கொண்டவர்கள். அவன் அங்கேதான் இருந்திருக்கிறான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அப்பாவின் தறியையும் கடையையும் நிலத்தையும் தனதாக்கிக்கொண்டு நிறைவாக வாழ்ந்தவர்கள் நம்மிடையே ஏராளம். எரிக்சனும் மார்சியாவும் மேற்கத்திய இளைஞர்களைப் பார்த்துப் பேசியவர்கள். குடும்பத்தோடு சேர்ந்து முடிவெடுக்கும் நம் வழக்கத்தை அந்தத் தராசில் மட்டும் நிறுக்கக் கூடாது. ஆனால் மார்சியாவின் முதல் ஆய்விலேயே ஒன்று தெரிந்தது. தேடாமல் ஏற்றுக்கொண்டவர்கள் எட்ட முடியாத உயரத்தில் இலக்கு வைத்துக்கொண்டார்கள். அவர்களைப் பற்றித் தாழ்வாக ஏதாவது சொல்லப்பட்டால், அவர்களின் சுயமதிப்பு மற்றவர்களைவிட எளிதில் ஆட்டம் கண்டது. கொடுத்த பாதை நன்றாகப் போகும்வரை குறையில்லை. பாதை நின்றுவிட்டால், அடுத்து எங்கே என்று கேட்டுப் பார்க்க உள்ளே பழகிய குரல் இல்லை.

உங்கள் மகனுக்குப் பாதை கேம்பஸ் தேர்வோடு நின்றுவிட்டது. குரூப், கல்லூரி, பிரிவு எல்லாவற்றையும் நீங்கள் சொன்னீர்கள். வேலை வரும் என்று எல்லோரும் சொன்னார்கள். வரவில்லை. 'எதுவானாலும் சரி' என்பதை நீங்கள் பணிவு என்று எடுத்துக்கொள்கிறீர்கள். எனக்கு அது, தனக்கு எது பிடிக்கும் என்று கேட்டுக்கொள்வதையே விட்டுவிட்ட ஒருவனின் பதிலாகக் கேட்கிறது. கடிதத்தில் அவனுக்கு ஒரு நண்பன் இருப்பதாக இல்லை. ஒரு கோபம், ஓர் ஆசை இருப்பதாகவும் இல்லை. மனச்சோர்வு இளைஞர்களிடம் அழுகையாக வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். பேச்சுக் குறைவது, பகலில் தூங்குவது, தலைவலி, உடல்வலி, முன்பு ரசித்ததில் நாட்டம் போவது என்றுதான் பெரும்பாலும் வரும். தொல்லை தராத பிள்ளை என்பதால் இவற்றை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். இந்த வாரமே கவனியுங்கள்.

இன்றோடு நிறுத்த வேண்டியது ஒப்பீடு. அண்ணனைப் பார் என்று நீங்கள் மகளிடம் சொல்லும் ஒவ்வொரு தடவையும் பக்கத்து அறையில் அவனும் கேட்கிறான். வாய் திறக்காமல் இருக்கும்வரைதான் எனக்கு இந்த வீட்டில் மரியாதை என்று அவனுக்கு அது பொருள்படும். வேலையில்லாமல் போனதைச் சொல்லி அழவும் அவனுக்கு இடமில்லாமல் போகும்.

காலியிடத்தை அவசரமாக நிரப்பாதீர்கள். எம்.பி.ஏ. சேர்த்துவிடலாம், சித்தப்பாவிடம் துபாய் அனுப்பலாம், பெண் பார்க்கலாம் என்று யோசனைகள் வரும். எல்லாவற்றுக்கும் அவன் சரி என்பான், அதனால்தான் சொல்கிறேன். உனக்கு என்னதான் பிடிக்கும் என்று திடீரென்று உட்கார வைத்துக் கேட்டாலும் பயனில்லை, பதில் தெரியாத கேள்வியாக அது அவனை இன்னும் சுருக்கும். சின்ன முடிவுகளிலிருந்து தொடங்குங்கள். முடிவு அவனுடையதாகவும் விளைவு நிஜமானதாகவும் இருக்க வேண்டும். பொங்கலுக்குக் கடையில் எந்த ரகத்தை எவ்வளவு எடுப்பது என்பதில் ஒரு பகுதியை அவனிடம் விட்டுப் பாருங்கள். தேங்கினால் தேங்கட்டும், அதைச் சொல்லிக்காட்டாதீர்கள். 'என்ன சமைக்கட்டும்' என்று கேட்டால் அவன் பெயர் சொல்லும்வரை பொறுமையாகக் காத்திருங்கள். தன் வகுப்பில் படித்து வேறு வேறு வழியில் போனவர்களைப் போய்ப் பார்த்துவரச் சொல்லி வழிச்செலவுக்குப் பணம் கொடுங்கள். தற்காலிகமாக ஏதாவது ஒரு வேலையில் சேர்ந்தால் அதைக் கேவலமாகப் பேசாதீர்கள். 18 முதல் 25 வயது வரையிலான காலத்தை வாழ்க்கையின் தனிப் பருவமாகவே ஜெஃப்ரி ஆர்னெட் என்ற உளவியலாளர் 2000ஆம் ஆண்டில் வரையறுத்தார். தேடல் அந்த ஆண்டுகளிலும் நடக்கிறது என்பது அவர் வாதம். 22 வயதில் தொடங்குவது தாமதமே இல்லை. தொடங்கியதும் அவனும் உங்களை எதிர்த்துப் பேசுவான். அன்றைக்கு தங்கையைப் பார்த்துக் கெட்டுப்போனான் என்று சொல்லிவிடாதீர்கள்.

நான் சொன்ன அடையாளங்கள் அவனிடம் இருந்தால் ஈரோடு அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ தனியார் மனநல மருத்துவரிடமோ கூட்டிப் போங்கள். மகளைத்தான் அழைத்துப் போக வேண்டும் என்று நீங்கள் ஏற்கெனவே யாரிடமாவது நாள் வாங்கியிருந்தால், அந்த நேரத்தை அவனுக்குக் கொடுங்கள். மருத்துவரிடம் முதலில் அவன் தனியாகப் பேசட்டும். நீங்களும் உங்கள் கணவரும் வெளியே உட்கார்ந்திருங்கள், அவன் கூப்பிட்டால் உள்ளே போங்கள்.